படிச்சா மெதுவாத்தான் வரும்

"கால் கிலோ தக்காளி. கால் கிலோ தக்காளி."

கடைக்காரர் தராசைத் தூக்குவதற்குள், பின்னால் நின்றிருந்த ஒரு மனிதர் கீழே வைத்திருந்த பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். நாலு எட்டு வைத்த பிறகே தாம் நிற்பது காய்கறிக் கடை என்பது அவருக்கு உறைத்தது. அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தார். அக்கா அவரைப் பார்த்து, "பஸ் இல்லைங்க, தக்காளி," என்றார். அதையும் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் ஊரில் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர் அவர். சின்னப் பையன்கள் முதல் அவரைவிட இருபது வயது மூத்த டிரைவர்கள் வரை எல்லோருக்கும் 'மைக் அக்கா'. அறிவிப்பை இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது வேலையின் விதி. அது நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட இரண்டு தரம் சம்மதம் என்றாளாம். ஒன்றை வாபஸ் வாங்கினாலும் இன்னொன்று இருக்கும் என்ற தைரியத்தில்தான் இவர் காலம் தள்ளுகிறாராம்.

பஸ் நிலையத்தின் மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, காலை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கிற ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு மைக், போட்டால் சிவப்பு விளக்கு எரிகிற ஸ்விட்ச், வெந்நீர் பிளாஸ்க். ஜன்னல் வழியே பார்த்தால் பஸ்களின் கூரைகள்தான் தெரியும். கூரையைப் பார்த்தே எது எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். ஒன்றின் முதுகில் ஒட்டுப் போட்ட தகரம், இன்னொன்றில் வழிந்து காய்ந்த பெயிண்ட், வேறொன்றில் வெயிலில் வெளுத்துப்போன தார்ப்பாய். "ஆளுங்களுக்கு மூஞ்சி மாதிரி சார், வண்டிக்கு மண்டை," என்பார்.

அந்தக் குரலைக் கணீரென்ற குரல் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அது கூட்டத்துக்குள் நுழைந்து வந்து நம் தோளை மட்டும் தொட்டுக் கூப்பிடும். துறைமுகம் வழியாகப் போகும் வண்டி கிளம்பிவிட்டது என்று அவர் சொல்லும்போது, அவரே அதைத் தவறவிட்டுவிட்டு நம் பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு வருத்தம் அதில் இருக்கும். ஆனால் வேலை முடிந்து படியிறங்கிவிட்டால் அவர் பேசுவதைக் கேட்க நாம் குனிய வேண்டும். குரல் ஆபீஸ் சாமானாம். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். அதே பஸ் நிலையத்தில் அவர் பெருக்கிக்கொண்டிருந்தார். விடுமுறைக் கூட்டம் நெருக்கியடித்த ஒரு நாளில், முன்பு அங்கே இருந்த அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. வண்டிகளைக் கவனிக்கும் கன்ட்ரோலர் தாமே மைக்கைப் பிடித்து, வார்த்தை வராமல் இருமிக்கொண்டிருந்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மாடியேறி, "தள்ளுங்க சார்," என்றார். வருஷக்கணக்காகக் காதில் விழுந்ததெல்லாம், எந்த வண்டி, எந்த வழி, எத்தனையாவது நடைமேடை என்று, ஒன்றுவிடாமல் வாயில் வந்தது. பழைய அறிவிப்பாளர் ஓய்வு பெற்றதும் நாற்காலியும் இவருக்கே வந்தது. அன்றன்று வரும் மாறுதல்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவரும் கன்ட்ரோலர், எழுதியதை ஒரு முறை வாய்விட்டும் சொல்லிவிட்டுப் போவார். அது அவருடைய வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நான் அவரை முகத்தோடு முதன்முதலில் பார்த்தது பொது நூலகத்தில். சனிக்கிழமை மாலைகளில் அங்கே குடும்ப வாசிப்பு நடக்கிறது. குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் படிப்பதைப் பார்க்கிற குழந்தை தானாகப் படிக்கும் என்பது குழந்தைகள் பகுதி நூலகரின் நம்பிக்கை. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே நாளெல்லாம் தேடுகிற இளம்பெண் அவர். எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிட, அவரோ எல்லோரிடமும் உதவி கேட்பதுபோலவே பேசுவார். இடுப்பளவு அலமாரிகள், நீல நிறப் பாய், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு முழங்கால் தாடையில் இடிக்கும். என் இளைய மகளோடு நான் அப்படித்தான் மடங்கி உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் மகளுக்கு ஏழு வயது. எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நம்பிக்கை வராமல் பின்வாங்குகிற குழந்தை. வகுப்பில் மற்றவர்கள் கடைசி வரிக்குப் போய்விட்ட பிறகும் அவள் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருப்பாள். பள்ளி ஆசிரியை அழைத்துச் சொல்லி, நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். சனிக்கிழமை மாலையில் கணவருக்கு டெப்போவில் வேலை. அக்காதான் வந்தாக வேண்டும்.

வந்த முதல் நாள், உள்ளே நுழைந்து மேடத்துக்கு மெல்ல வணக்கம் சொன்னார். அவ்வளவு மெல்லிய குரலுக்கே பாய் முழுவதும் தலைகள் திரும்பின. மைக் அக்கா, மைக் அக்கா என்று ஒரு சலசலப்பு. மேடத்தின் முகத்தில் புதையல் கிடைத்த வெளிச்சம். ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒருவர் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு கதை வாசிப்பது அங்கே வழக்கம். அடுத்த வாரம் நீங்கள்தான் என்று கேட்டுக்கொண்டார். அக்கா ஒரு கணம் பாயின் ஓரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, புத்தகத்தை இப்போதே கொடுத்துவிட்டால் வீட்டில் பார்த்துக்கொள்வேன் என்றார். இவ்வளவு பொறுப்பான பெற்றோரைத் தாம் பார்த்ததே இல்லை என்று மேடம் என்னிடம் பிறகு சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை, தனக்குக் குடை கிடைக்குமா என்று தேடி அலைகிற ஒரு யானைக்குட்டியின் கதை. அக்கா பாயின் நடுவில் உட்கார்ந்து, படங்கள் குழந்தைகளுக்குத் தெரியும்படி புத்தகத்தை வெளிப்பக்கம் திருப்பி, மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். ஆரம்பித்தார். அதற்கு முன் எத்தனையோ பேர் கதை வாசித்துக் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. யானைக்குட்டி கடை கடையாக ஏறி இறங்கியபோது அதன் மூச்சிரைப்பு எனக்குக் கேட்டது. எந்தக் குடையும் பொருந்தாமல் அது கடைசியில் மரத்தடியில் நின்றபோது என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒரு குழந்தைகூட அசையவில்லை.

அதன்பின் கடைசிக் கதை என்றால் அக்காதான். ஒரு முறை மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா கவனிக்காமல் சேர்த்துத் திருப்பிவிட்டு, ஒட்டிக்கொண்ட பக்கத்தின் கதையைத் தொடர்ந்து சொன்னார். முன்வரிசைக் குழந்தை ஒன்று, இந்தப் படத்தில் முயலே இல்லையே என்றது. அக்கா பக்கத்தைப் பார்த்தார். "வண்டி ஒரு ஸ்டாப் முன்னாடி போயிருச்சு. எல்லாரும் இறங்கி நடந்து வாங்க," என்றார். பாயே சிரித்தது. நானும் சிரித்தேன். படமே கண்ணில் படாத ஒரு பக்கத்தை அவர் எப்படி வாசித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எப்படி என்பதை வெகுநாள் கழித்து அவர் கணவரே சொன்னார். வாரத்தில் ஒரு நாள் காலை, மகள் பள்ளிக்குப் போனதும், அக்கா சமையலறையில் காய் நறுக்குவார். மெக்கானிக் வாசற்படியில் உட்கார்ந்து, கிரீஸ் போகாத விரல்களால் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, யானைக்குட்டியை வாசிப்பார். "இவரு படிச்சா யானையும் ஒண்ணுதான், எலியும் ஒண்ணுதான் சார். ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் படிக்கிற மாதிரியே படிப்பாரு," என்று அக்கா குறுக்கிட்டார். ஒரு தரம் கேட்பார். இன்னொரு தரம் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். மூன்றாவது தரம் அவரே சொல்லிவிடுவார். எந்தப் படத்துக்கு எந்த வார்த்தை, எந்த வார்த்தையில் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லாம் உள்ளே பதிந்துவிடும்.

சின்ன வயதில் பள்ளிக்குப் போனாரா என்று கேட்டேன். போனாராம். அம்மாவுக்கு வேலை கிடைத்த இடமெல்லாம் குடும்பம் போனது. ஒவ்வோர் இடத்திலும் முதல் வகுப்பிலேயே மறுபடி உட்காரவைத்தார்கள். பிறகு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். எண்கள் தெரியும். தன் பெயரைப் படம் வரைவதுபோல் எழுதத் தெரியும். அவ்வளவுதான். அப்போது கணவருக்கும் கன்ட்ரோலருக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. மகளுக்கும் தெரியாது.

சேர்ந்து படிக்கும் நேரத்தில் அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நீ படி, அம்மா கேட்கிறேன் என்பார். மகள் திக்கித் திணறி ஒரு வரியை முடித்தால் தலையாட்டுவார். அவள் நடுவில் நின்றுபோனால், யோசி என்பார். மற்ற அம்மாக்கள் பொறுமையிழந்து வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிற இடத்தில் இவர் மட்டும் காத்திருந்தார். உண்மையில் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அதுவே அந்தக் குழந்தைக்கு நல்லதாய் அமைந்தது. அவள் மெல்ல மெல்ல எழுத்துகளோடு சமாதானமானாள். மற்றவர்களும் இப்படித்தான் பொறுமையாக இருக்க வேண்டும் என்று மேடம் எங்கள் எல்லோரிடமும் சொன்னார். அப்போது அக்கா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு அவர் தயார் செய்து வந்திருந்த புத்தகத்தை, வந்த உடனேயே ஒரு கைக்குழந்தை எச்சிலாக்கிக் கிழித்துவிட்டது. பரவாயில்லை என்று மேடம் சொல்லி, அன்று காலைதான் வந்திறங்கியிருந்த புதிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். இன்னும் பசை வாசனை போகாத புத்தகம். முதல் வாசிப்பு உங்கள் குரலில் இருக்கட்டும் என்றார். குழந்தைகள் அதற்குள் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மகள் அன்று எல்லோருக்கும் முன்னால், அம்மாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அட்டையைப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் யாரும் அதை நம்பாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஏனோ அவர் அதைச் சொல்லவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தார். கறுத்த வானம், தெருவெல்லாம் விரித்த குடைகள், நடுவில் ஒரு சிறுமி. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தம் முழுக் குரலில், மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, பாப்பா தொப்பலாக நனைந்துவிட்டாள் என்று ஆரம்பித்தார். என் மகள் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

முழங்காலை ஒட்டியிருந்த குழந்தை எழுத்துகளின் மேல் விரலை வைத்திருந்தாள். யாரும் கேட்காமலே, தன் வழக்கமான நத்தை வேகத்தில், அவள் வாய்விட்டுப் படித்தாள். "ம...ழை... இன்...னும்... வர...வில்லை."

வாசகம் அதுதான். வானம் கறுத்திருக்கிறது, எல்லோரும் குடையை விரித்துவிட்டார்கள், ஆனால் மழை இன்னும் வரவில்லை. கதையே அதைப் பற்றியதுதான்.

குழந்தை விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அம்மா சொன்னால் அது ஊர் முழுவதும் கேட்கும். அம்மா சொன்ன நடைமேடைக்குத்தான் பஸ் வரும். அவளுடைய கீழ் உதடு மடங்கியது.

"நான்தான் தப்பாப் படிச்சுட்டேனாம்மா?"

எத்தனையோ மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நம்பிக்கை அந்தக் குழந்தையின் கண்ணிலிருந்து வடிந்துபோவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆமாம் கண்ணு, நீ தப்பாகப் படித்துவிட்டாய் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மானம் தப்பியிருக்கும். இல்லை, இது நான் சொல்லும் வேறு கதை என்று சமாளித்திருக்கலாம். யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம்.

அக்கா புத்தகத்தைத் தம் பக்கமாகத் திருப்பினார். மகளின் விரல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ சரியாத்தான் படிச்சே," என்றார். "அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாது."

அதை மட்டும் அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அறிவிப்புக் குரலில் சொல்லவில்லை. தாழ்ந்த வீட்டுக் குரலில் சொன்னார். இருந்தும் அது கடைசி அலமாரி வரை கேட்டது. குட்டி நாற்காலிகளில் மடங்கியிருந்த நாங்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மேடம் கையில் எதையோ எடுத்து மறுபடி கீழே வைத்தார். பெரியவர்களைப்போல் குழந்தைகளுக்கு இது அவ்வளவு பெரிய செய்தியாகப் படவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கும் படிக்கத் தெரியாதுதானே.

மகள் மட்டும் யோசித்தாள். ஏழு வயது மனசுக்குள் என்ன ஓடியதோ தெரியவில்லை. அந்தப் புத்தகத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் படிக்கிறேன். நீ சத்தமாச் சொல்லு."

அப்படித்தான் அன்றைய கதை வாசிக்கப்பட்டது. குழந்தை ஒரு வரியை முணுமுணுத்துப் படிப்பாள். அக்கா அதை வாங்கி, உயிர் கொடுத்து, அறை முழுவதுக்கும் சொல்வார். மகள் சிக்கிக்கொண்ட இடத்தில் அவரும் சிக்கிக்கொண்டு நின்றார். காத்திருந்தார். வார்த்தை வந்ததும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். கடைசிப் பக்கத்தில் மழை வந்தது. அக்காவின் கண்ணிலும் வந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியாததால் அப்படியே வாசித்து முடித்தார். அத்தனை வாரங்களில் நான் கேட்ட கதைகளில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது லாரி ஓட்டுகிற ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி, மகனைத் தனியாகப் படிக்கவிட்டுவிட்டு, படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். மேடத்திடம் போய், தமக்குக் கண்ணாடியே கிடையாது என்றார். அடுத்த வாரம் இன்னொரு அம்மா. அதற்கு அடுத்த வாரம் ஒரு கணவனும் மனைவியும். மேடம் பெற்றோரை உட்காரவைத்தது குழந்தைகளுக்காக. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிய பெரியவர்களில் எத்தனை பேர் அக்காவைப்போல் காத்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவர் முறையையே மாற்றிவிட்டார். இப்போது குழந்தைகள் படிக்கப் பெற்றோர் விரல் வைத்துத் தொடர்கிறார்கள். குழந்தைகள் பகுதி மூடிய பிறகும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு பாடம் நடக்கிறது.

செய்தி நூலகத்தோடு நிற்கவில்லை. ஊருக்கே தெரிந்த குரல் அல்லவா. பஸ் நிலைய மேலாளர் அக்காவை அழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அறிவிப்பாளர் தாமே படித்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, தவறான நடைமேடை சொல்லிவிட்டால் பொறுப்பு தம்முடையது என்றார். சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றித்தருவதாகவும் சொன்னார். வேறு வேலை என்றால் பழைய துடைப்பம்தான். தாள்களை வாய்விட்டுச் சொல்லிப்போன கன்ட்ரோலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்து, எனக்கு வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க, நானே படிச்சுச் சொல்றேன் என்றார். பழக்கத்தில் அதை இரண்டாவது முறையும் சொல்லிவிட்டார். அதனால் கெஞ்சியது மாதிரி ஆகவில்லை, அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது என்று கன்ட்ரோலர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். மேலாளர் சரியென்றார்.

எழுத்துகளோடு அக்கா போட்ட சண்டை ஒரு தனிக் கச்சேரி. ஆயுசு முழுக்கக் காதால் வாழ்ந்தவர் அல்லவா. எழுத்துகள் செய்கிற அநியாயங்கள் அவருக்குப் பொறுக்கவில்லை. "காதுக்கு ஒரு 'ன'தான் கேக்குது. கண்ணுக்கு எதுக்கு சார் மூணு?" என்று மேடத்தை விட்டுவிட்டு என்னிடம் நியாயம் கேட்டார். ஒற்றைக் கொம்பு அவரை அதைவிட அதிகமாகக் கோபப்படுத்தியது. சத்தம் பின்னால் வருகிறது, கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஏறுகிறவர்களுக்கு முன்னால் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆள் என்றார். அன்றிலிருந்து அந்தப் பாடத்தில் கொம்புக்குத் 'துண்டு' என்றே பெயர். லாரிக்காரர் இன்றைக்கும் 'கெ' என்ற எழுத்தை, துண்டு போட்ட 'க' என்றுதான் சொல்கிறார்.

வீட்டில் வாத்தியார் மகள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட முறை. அம்மா ஒரு வார்த்தையில் சிக்கினால் சொல்லிக்கொடுக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, யோசி என்பாள். சமைக்கும்போது மசாலாப் பொட்டலம், துவைக்கும்போது சோப்பு உறை, எதையும் படிக்காமல் பிரிக்க விடமாட்டாள். ஒரு நாள் அக்கா தெரு நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரேக் போட்டுத் திட்டினார். எதிரே பல வருஷமாக அவர் பார்த்து நடந்த கடை. அதன் பெயர்ப் பலகை அன்றைக்கு அவரிடம் பேசிவிட்டதாம். "இத்தனை நாளா கத்திக்கிட்டு இருந்திருக்கு சார். எனக்குத்தான் கேக்கல," என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பிறகு பஸ் நிலையத்தில் இருப்பவர்கள் ஒரு மாறுதலைக் கவனித்தார்கள். அந்தக் குரல் தடுமாற ஆரம்பித்தது. தண்ணீர்போல் ஓடிய அறிவிப்பு நடுவில் நின்றது. ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியது. வழக்கமான வண்டிகளை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு மாறுதல்களை மட்டும் படித்தால் போதும் என்று கன்ட்ரோலர் எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. எல்லா அறிவிப்புகளையும் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதித்தரச் சொல்லி, மனசுக்குத் தெரிந்ததையும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் சொன்னார். அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று பயணிகள் கன்ட்ரோலரிடம் விசாரித்தார்கள். யாரோ மெனக்கெட்டு மாத்திரை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஊர் முழுவதும் கேட்கத் தடுமாறுகிறோமே என்று கூச்சமாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். யானைக்குட்டியின் மூச்சிரைப்பைக்கூட எங்களுக்குக் கேட்கவைத்தவர், ஒரு பிழை இல்லாத குரலுக்காகவே ஊரறியப்பட்டவர், இப்படி ஒலிபெருக்கியில் எழுத்துக் கூட்டுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஆறவைத்தபடி சொன்னார்.

"மனப்பாடம் சொன்னா வேகமா வரும் சார். படிச்சா மெதுவாத்தான் வரும். வரட்டும்."

வருஷக் கடைசியில் மேலாளர் மாடிக்கு வந்து, அவர் தாமே படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனார். நாற்காலி அக்காவிடமே இருக்கிறது.

சென்ற வாரம் அந்த அறையில் ஓர் ஓரமாக நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. கன்ட்ரோலர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, ஒரு தாளை மேஜையில் வைத்தார். மேம்பாலத்தில் வேலை நடப்பதால் சில வண்டிகளின் நேரம் மாறியிருந்தது. அவசரச் செய்தி. அவர் வாயைத் திறக்காமல் பின்னால் நின்றுகொண்டார். அக்கா ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கை விரல் தாளின் மேல் நகர்ந்தது. "பயணிகளின் கவனத்துக்கு. மேம்பாலப் பணி காரணமாக, ஆலைச் சாலை வழியாகச் செல்லும் பேருந்துகளின் நேரம் மாற்றி..." என்று வந்தவர் அங்கே நின்றார்.

நான் எட்டி, தாளைப் பார்த்தேன். மாற்றியமைக்கப்பட்டுள்ளது. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சொல். மைக் திறந்திருந்தது. கீழே பஸ் நிலையம் முழுவதும் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பெட்டியைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு மேலே பார்த்தார். கன்ட்ரோலருக்குப் பொறுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

அக்கா திரும்பவில்லை. இடது கை மட்டும் மேலே எழுந்து, உள்ளங்கை அவர் பக்கம் விரிந்து நின்றது. வலது கை விரல் எழுத்தின் அடியில் அசையாமல் இருந்தது. ஊர் காத்திருந்தது. 'ய' வந்தது. 'மை' வந்தது. இடது கை இறங்கவில்லை.